இன்னுமொரு மீன் விட்டால் என்ன?

கொழும்பு - புத்தளம் வீதியில் சிலாபத்தைத் தாண்டி வடக்கே செல்பவர்களுக்கு முந்தல் ஒரு பெயர்ப்பலகையாக மட்டுமே தெரிந்திருக்கும். மேற்கே களப்பு, கிழக்கே தென்னந்தோட்டங்கள், இடையே வீதி. என் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊர் அது. பத்திரிகை அலுவலகத்தில் விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் நான் சென்று தங்கும் ஊரும் அதுதான்.

தங்கையின் மகன் தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்தபோது, என்ன வேண்டும் என்று கேட்டேன். துவிச்சக்கர வண்டி கேட்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் மீன்தொட்டி கேட்டான். அடுத்த வாரமே நகரத்துக் கடையொன்றில் இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டியையும், காற்றுப் பம்பியையும், வடிகட்டியையும், நிறக் கற்களையும் வாங்கினோம். அன்றே மீன்களையும் வாங்கினோம். தங்கமீன் இரண்டு, ஏஞ்சல் இரண்டு, நியோன் டெட்ரா ஆறு, டைகர் பார்ப் நான்கு, கப்பி நான்கு, கண்ணாடியைத் துப்புரவு செய்யுமென்று கடைக்காரர் சொன்ன 'டாங்க் கிளீனர்' ஒன்று. ஆக மொத்தம் பத்தொன்பது. "இன்னுமொரு சோடி விட்டாலும் பரவாயில்லை" என்றார் கடைக்காரர். பணம் போதாததால் மட்டுமே அந்தச் சோடி தப்பியது.

மூன்றாம் நாள் நியோன் டெட்ராக்களில் இரண்டைக் காணவில்லை. ஏஞ்சல்களின் வயிறு சற்றுப் பெருத்திருந்தது. ஐந்தாம் நாள் கப்பிகளின் விசிறி வால்கள் கிழிந்த துணியாகத் தொங்கின. ஏழாம் நாள் தங்கமீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பன்னிரண்டாம் நாள் எஞ்சியவை மூன்று: டைகர் பார்ப் இரண்டும் அந்த டாங்க் கிளீனரும். இறந்த மீன்களைத் தென்னை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்த பையன் என்னிடம் கேட்டான்:

"நாங்க நல்லாத்தானே சாப்பாடு போட்டோம் மாமா?"

முப்பது ஆண்டுகளாக அமைச்சர்களிடமும் அதிகாரிகளிடமும் கேள்வி கேட்டுப் பிழைப்பவன் நான். அந்தக் கடையில் ஒரு கேள்வியைக்கூட நான் கேட்கவில்லை. இந்த மீன் எவ்வளவு பெரிதாக வளரும்? இது எந்த நீரில் வாழும்? இவை ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா? இந்த மூன்று கேள்விகளையும் அன்று கேட்டிருந்தால் பதினாறு உயிர்கள் போயிருக்கமாட்டா. பையனுக்கு அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. பின்னர் படித்தும், விசாரித்தும், இரண்டாம் முறை முயன்றும் அறிந்துகொண்டதையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் பையனின் கேள்விக்கு வருவோம். நல்லாச் சாப்பாடு போட்டதும் மீன்கள் இறந்ததற்கு ஒரு காரணம். மீன் தான் உண்டதன் கழிவைப் பெரும்பாலும் அமோனியாவாகச் செவுள்களின் வழியே நீரில் விடுகிறது. உண்ணாமல் அடியில் கிடந்து அழுகும் உணவும் அமோனியாவாகவே மாறுகிறது. அமோனியா மீனுக்கு நஞ்சு. ஆற்றிலும் குளத்திலும் அது பெருநீரில் கரைந்து போகிறது. அத்துடன் கற்களிலும் மண்ணிலும் ஒட்டி வாழும் ஒருவகைப் பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றுகின்றன. நைத்திரைற்றும் நஞ்சுதான். வேறொரு வகைப் பற்றீரியாக்கள் அதை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. நைத்திரேற்றை மீன்கள் ஓரளவு தாங்கும்; நீர்த்தாவரங்கள் அதை உரமாக எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவதை நாம் நீர் மாற்றி அகற்றலாம்.

புதுத் தொட்டியில் இந்தப் பற்றீரியாக்கள் போதியளவில் இருப்பதில்லை. அவை வடிகட்டியிலும் கற்களிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகும். நாங்களோ தொட்டியை வாங்கிய அன்றே பத்தொன்பது மீன்களை விட்டோம். மலக்குழி வெட்டாத வீட்டில் பத்தொன்பது பேரைக் குடியிருத்தியதற்கு ஒப்பானது அது. நீர் பளிங்குபோலத் தெளிவாக இருந்தது உண்மைதான். அமோனியாவுக்கு நிறமில்லை, மீனைக் கொல்லும் அளவிலும் அது கண்ணுக்குத் தெரியாது.

இங்கே முந்தலுக்கே உரிய ஒரு சேதியும் உண்டு. எங்கள் கரையோரத்துக் கிணற்று நீர் வன்னீர். கேத்தலின் அடியில் படியும் வெள்ளைச் சுண்ணாம்பைப் பார்த்தால் போதும். சவர்க்காரம் நுரைக்க மறுப்பதும் அதனால்தான். புத்தளத்தில் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்ததே அம்மாவட்டத்தின் சுண்ணக்கல்லை நம்பித்தானே. இத்தகைய நீர் காரத்தன்மை கொண்டது. கார நீரில் அமோனியாவின் நஞ்சு மிகும். நடுநிலையான நீரில், அதாவது பி.எச். 7இல், அமோனியாவின் மிகச் சிறு பங்கே நச்சு வடிவில் இருக்கும், பி.எச். 8இல் அந்தப் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகிவிடும். மலைநாட்டில் ஒருவர் செய்து தப்பிவிடும் பிழையை, கரையோரத்தில் நாம் செய்தால் தப்ப முடியாது.

எனவே முதல் விதி இதுதான்: மீனைத் தெரிவு செய்யுமுன் நம் வீட்டு நீரைத் தெரிந்துகொள்ள வேண்டும். நியோன் டெட்ரா அமேசன் பகுதியின் மென்மையான, சற்று அமிலத்தன்மை கொண்ட நீரோடைகளைச் சேர்ந்தது. எங்கள் கிணற்று நீர் அதற்கு அந்நியம். கப்பி, மொலி, பிளாட்டி ஆகிய குட்டியீனும் மீன்களோ வன்னீரை விரும்புபவை; மொலி சற்று உவர் கலந்த நீரிலும் வாழும். நீருக்கேற்ற மீனைத் தேடுவது எளிது. மீனுக்கேற்ப நீரை நாள்தோறும் மாற்றிக்கொண்டிருப்பது தீராத வேலை.

இதில் எனக்கொரு வருத்தமும் உண்டு. உலகெங்கும் மீன் வளர்ப்போர் விரும்பி வாங்கும் செரி பார்ப் என்ற சிறு செந்நிற மீன் இலங்கைக்கே உரியது. களனி கங்கைக்கும் நில்வளா கங்கைக்கும் இடைப்பட்ட ஈரவலயத்தின் நிழலோடைகளே அதன் தாயகம். 1929ஆம் ஆண்டில் பீ.ஈ.பீ. தெரணியகல அதனை அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தார். சாதுவானது, ஐந்து சென்ரிமீற்றரைத் தாண்டாதது, கூட்டமாக வாழ்வது. ஐரோப்பாவிலோ கனடாவிலோ குழாய் நீர் மென்மையாக உள்ள நகரொன்றில் வாழும் ஈழத்தவர், சிறு தொட்டிக்கு எதை விடலாம் என்று என்னைக் கேட்டால், பண்ணையில் இனப்பெருக்கம் செய்த செரி பார்ப் எட்டு வாங்குங்கள் என்பேன். நாமோ நம் ஓடையின் மீனை அறியாமல், அமேசன் மீனைச் சுண்ணாம்பு நீரில் இட்டுக் கொல்கிறோம்.

இரண்டாவது விதி, மீனின் இன்றைய அளவைப் பார்க்காமல் நாளைய அளவைப் பார்ப்பது. கடையில் எல்லா மீனும் விரல் நீளம்தான். தங்கமீன் பதினைந்து, இருபது சென்ரிமீற்றர் வளரும். டாங்க் கிளீனர் ஓரடியையும் தாண்டும். 'ஒரு கலனுக்கு ஓர் அங்குல மீன்' என்றொரு பழைய கணக்கு இன்னும் வழங்குகிறது. அது சின்னஞ்சிறு மீன்களுக்கு ஓரளவே பொருந்தும். ஏனெனில் நீளம் ஐந்து மடங்கானால் மீனின் எடை ஐந்து மடங்காவதில்லை. நீளம், அகலம், தடிப்பு மூன்றும் வளர்வதால் அது ஏறத்தாழ 125 மடங்காகிறது. உண்பதும் கழிப்பதும் எடையைப் பொறுத்தவை. இரண்டு சென்ரிமீற்றர்க் குஞ்சு பத்து சென்ரிமீற்றர் மீனாகும்போது, ஒரு மீன் நூறு மீனாகிவிட்டது என்றே கொள்ளவேண்டும்.

எங்கள் தொட்டியின் கணக்கையும் சொல்கிறேன். இரண்டு கன அடி என்பது சுமார் 56 லீற்றர். மேலே இரண்டு அங்குலம் விட்டு, கற்களின் இடத்தையும் கழித்தால், மீனுக்கு மிஞ்சுவது நாற்பது லீற்றருக்குச் சற்று அதிகம். நம் வெப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 20 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும். 30 பாகையில் ஏழரை மில்லிகிராம்தான். குளிர்நாட்டுப் புத்தகம் பத்து மீன் என்றால் நாம் ஏழோடு நிறுத்துவது நல்லது. குளிர்நீரை விரும்பும் தங்கமீன் எங்கள் வெயிலில் மூச்சுக்குத் தவித்தது இயற்கையே.

மீன்தொட்டியின் வரலாற்றில் ஒரு செய்தி என்னை வியக்க வைத்தது. 1850இல் இலண்டனில் ரொபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் கண்ணாடிக் கலமொன்றில் மீனையும் நீர்த்தாவரத்தையும் சேர்த்து வளர்த்து, ஒன்றையொன்று வாழவைக்கும் சமநிலையை ஆராய்ந்தார். அழுகும் இலைகளைத் தின்ன நத்தைகளையும் விட்டார். இன்றைய வீட்டு மீன்தொட்டியின் முன்னோடி என்று அதைச் சொல்வார்கள். அந்தக் கலத்தின் கொள்ளளவு பன்னிரண்டு கலன், அதாவது ஏறத்தாழ 54 லீற்றர். எங்கள் தொட்டியின் அளவுதான். அதில் அவர் விட்டவை இரண்டு சிறு தங்கமீன்கள். நாங்கள் விட்டவை பத்தொன்பது.

மூன்றாவது விதி ஒத்துப்போதல். நீர் பொருந்தினாலும் குணம் பொருந்த வேண்டும். வாய்க்குள் அடங்கும் எதையும் ஏஞ்சல் மீன் உணவாகவே கருதும். அமேசனில் நியோன் போன்ற சிறு மீன்கள் அதற்கு இரை. டைகர் பார்ப் கூட்டமாக வாழும் மீன். ஏழெட்டாக இருந்தால் தங்களுக்குள் துரத்தி விளையாடும். மூன்று நான்காக இருந்தால் அயலாரின் வாலைக் கடிக்கும். அதனருகில் நீள்வால் கொண்ட கப்பியையோ ஏஞ்சலையோ சண்டை மீனையோ விடக்கூடாது. சண்டை மீனில் ஆண் ஒன்றுக்கு மேல் ஒரு தொட்டியில் ஆகாது. சிறு தொட்டியில் பல இனங்களைச் சேர்ப்பது அழகு என்பது கடையின் கண்ணாடி நமக்குக் கற்பித்த அழகு. ஒரே இனத்தில் எட்டு மீன் கூடித் திரிவதைப் பார்த்தவர் அதை அழகில்லை என்று சொல்லமாட்டார்.

கப்பியிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. பெண் கப்பி நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குட்டியீனும். ஒருமுறை ஆணுடன் கூடினால் அந்த விந்தைச் சேமித்து வைத்துப் பல மாதங்களுக்குக் குட்டி போடும். இரண்டு சோடி வாங்கியவர் அரையாண்டில் தொட்டி நிறையக் கப்பிகளுடன் திண்டாடுவார். ஆகவே சிறு தொட்டிக்கு ஆண்களை மட்டும் வாங்குவதே நல்லது. நிறமும் வாலும் ஆணுக்கே உரியவை என்பதால் கண்ணுக்கும் குறையில்லை.

இவற்றையெல்லாம் எழுதும்போது என் மனம் தொட்டியை விட்டுச் சன்னலுக்கு வெளியே போகிறது. இதே பாடத்தை முந்தல் ஊர் முன்பே ஒருமுறை பெரிய அளவில் படித்திருக்கிறது. 1980களில் இப்பகுதியில் இறால் வளர்ப்பு வேரூன்றியது. 1990களில் முந்தல் களப்பின் ஓரமாகவும் ஒல்லாந்தர் கால்வாயின் மருங்கிலும் குளங்கள் பெருகின. இறால் விற்ற காசில் கல்வீடுகள் எழுந்தன. அவன் வெட்டினான், நானும் வெட்டினால் என்ன என்று தென்னந்தோட்டத்தையும் கண்டற்காட்டையும் வெட்டிக் குளமாக்கியவர்கள் உண்டு. எல்லாரும் நீர் எடுத்தது அதே கால்வாயிலும் களப்பிலும். பயன்படுத்திய நீரை விட்டதும் அங்கேயே. ஒருவரின் கழிவுநீர் அடுத்தவரின் குளத்து நீரானது. 1996இல் வெள்ளைப்புள்ளி நோய் என்னும் வைரசு வந்தபோது, அந்தப் பொது நீரே அதைக் குளம் குளமாகக் கொண்டு சேர்த்தது. கடன்பட்டுக் குளம் வெட்டியவர்கள் கரையில் நின்று செத்த இறாலை வாரியதை நேரில் கண்டு செய்தி எழுதியவன் நான். கைவிடப்பட்ட குளங்கள் சில இன்றும் உப்பேறிக் கிடக்கின்றன. பின்னாளில் பிரதேசத்தை வலயங்களாகப் பிரித்து, எந்த வலயத்தில் எப்போது குஞ்சு விடலாம் என்று நாள்காட்டி வகுத்தார்கள். அந்த நீர் எவ்வளவைத் தாங்கும் என்ற கேள்வி, நோய் வந்த பிறகே கேட்கப்பட்டது.

தொட்டி மீனுக்கும் 'வெள்ளைப்புள்ளி' என்றொரு நோய் உண்டு. பெயர் ஒன்றாயினும் நோய் வேறு. இது வைரசு அன்று, ஒற்றைக்கல ஒட்டுண்ணி. மீனின் தோலுக்கடியில் வளர்ந்து, உதிர்ந்து அடியில் படிந்து, நூற்றுக்கணக்காகப் பிரிந்து, மீண்டும் நீந்தி மீனைத் தேடும். அப்படி நீந்தும் வேளையில்தான் மருந்து அதைக் கொல்லும். நெருக்கமான தொட்டியில் அதற்குத் தேடும் வேலையே இல்லை. திரும்பிய பக்கமெல்லாம் மீன். புது மீனை இரண்டு மூன்று வாரம் தனிப் பாத்திரத்தில் வைத்துப் பார்த்த பின் தொட்டியில் விடுங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். நெருக்கடி நோயைப் படைப்பதில்லை. வந்த நோயை வேகமாகப் பரப்பிவிடுகிறது. இறால் குளத்துக்கும் இது பொருந்தும், இரண்டடித் தொட்டிக்கும் பொருந்தும்.

எஞ்சிய மூன்று மீன்களை என்ன செய்வது என்ற பேச்சு எழுந்தபோது, "வாய்க்காலில் விட்டுவிடுங்கள், பிழைத்துக்கொள்ளும்" என்றார் அயலவர் ஒருவர். இரக்கத்தில் சொன்ன சொல்தான். ஆனால் பிழைத்துக்கொள்வதுதான் ஆபத்து. தென்னமெரிக்காவைச் சேர்ந்த அந்த டாங்க் கிளீனர் இனம் இலங்கையின் நீர்நிலைகளில் ஏற்கெனவே பரவிவிட்டது. கவசம் போன்ற உடல் கொண்ட அதை உண்ண இங்கு எதிரிகள் குறைவு. சிலாபத்தருகே கடலில் கலக்கும் தெதுறு ஓயாவின் நீர்த்தேக்கத்தில், அலங்கார மீனாக நாட்டுக்குள் வந்ததாகக் கருதப்படும் இராட்சத விரால் பெருகி, 2025இல் அதைப் பிடிப்பதற்கென்றே தூண்டிற்போட்டி நடத்தவேண்டி வந்தது. தொட்டிக்குப் பெரிதாகிவிட்டது என்று யாரோ ஒருவர் வாளியோடு கரைக்குப் போனதன் விலை அது. டைகர் பார்ப் இரண்டும் அவற்றின் கூட்டமுள்ள நண்பர் ஒருவரின் தொட்டிக்கும், டாங்க் கிளீனர் பெரிய சீமெந்துத் தொட்டி வைத்திருக்கும் இன்னொருவருக்கும் போயின. வளரும் மீனை வாங்குபவர், அது வளர்ந்தபின் எங்கே வாழும் என்பதை வாங்கும் நாளிலேயே தீர்மானிக்க வேண்டும்.

கடைக்காரர்கள்மீது மட்டும் பழி போட நான் விரும்பவில்லை. ஆனால் ஒன்று கேட்பேன். மருந்துப் புட்டியில் அளவு எழுதப்பட்டிருக்கிறது, உரப்பையில் எழுதப்பட்டிருக்கிறது. உயிரை விற்கும் கண்ணாடித் தொட்டியில் விலை மட்டும்தான் எழுதப்பட்டிருக்கிறது. வளர்ந்தால் எவ்வளவு நீளம், குறைந்தது எத்தனை லீற்றர், வன்னீரா மென்னீரா, தனித்தா கூட்டமாகவா என்ற நான்கு விடயங்களை ஒரு சிறு அட்டையில் எழுதி ஒட்டுவதால் கடைக்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. இலங்கை அலங்கார மீன்களை உலகெங்கும் ஏற்றுமதி செய்யும் நாடு. சென்னையில் கொளத்தூர் தெருக்களே அலங்கார மீன் சந்தையாக விளங்குகின்றன. இந்த வழக்கத்தைத் தொடக்கிவைக்க இவர்களை விடத் தகுதியானவர் யார்? வாழ்ந்த மீனைக் கண்டு மகிழ்ந்த சிறுவன் மறுபடியும் கடைக்கு வருவான். பதினாறை இழந்தவன் வரமாட்டான். இது வியாபாரக் கணக்கும்தான்.

எங்கள் பையன் மறுபடி வந்தான். அதற்கு அவனுடைய பொறுமைதான் காரணம். தொட்டியைக் கழுவி, கிணற்று நீர் நிரப்பி, வேலம்பாசி நட்டு, வடிகட்டியை ஓடவிட்டு, மீனில்லாத தொட்டியில் நாள்தோறும் ஒரு சிட்டிகை மீனுணவு மட்டும் இட்டு வந்தோம். பற்றீரியாக்கள் பெருக அந்த உணவு அழுகித் தரும் அமோனியாவே போதும். ஆறு வாரம் அவன் வெறுந்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பரிசோதனைத் திரவத்தில் அமோனியாவும் நைத்திரைற்றும் இல்லை என்று தெரிந்த பிறகு ஆண் கப்பி நான்கை விட்டோம். மூன்று வாரம் கழித்து இன்னும் நான்கு. அதோடு நிறுத்தினோம். ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு உணவு. வாரத்துக்கொருமுறை கால்வாசி நீர் மாற்றம். வடிகட்டியின் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுகிறான். சவர்க்காரம் போட்டுக் கழுவினால் பற்றீரியாக்களும் போய்விடும் என்பது அவனுக்குத் தெரியும்.

சென்ற மாதம் வீட்டுக்கு வந்த விருந்தினர் ஒருவர் தொட்டியைப் பார்த்துவிட்டு, "நிறைய இடம் சும்மா கிடக்கிறதே தம்பி, இன்னுமொரு நாலு மீன் விட்டால் என்ன?" என்றார். நான் வாய் திறக்குமுன் பையன் சொன்னான்:

"அது சும்மா கிடக்கல்ல அங்கிள். அதிலதான் இதுகள் இருக்கு."

விருந்தினருக்கு விளங்கியதோ இல்லையோ, தேநீரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். எட்டு மீன்களும் வேலம்பாசிக்கு நடுவே போய் வந்துகொண்டிருந்தன.